மகன் வீடியோவில் அறிவியல் படிக்கிறான், எனக்கோ அறிவியல் தெரியாது

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம். நான் சங்கரன்கோவிலில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மகன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் ஒன்பதாவது படிக்கிறான். சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு அறிவியல் வீடியோ என்றால் உயிர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ராத்திரி வரை போனில் அதுதான். பிளாக்ஹோல், டைம் டிராவல் என்று என்னென்னவோ சொல்கிறான். ஆனால் காலாண்டுப் பரீட்சையில் அறிவியலில் 38 மார்க். போன மாதம், எலுமிச்சம்பழத்தில் செல்போன் சார்ஜ் ஏறும் என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, சார்ஜர் ஒயரை வெட்டிவிட்டான். வேன் ஓட்டிவிட்டு அசந்து வந்த அவன் அப்பா அடித்துவிட்டார். இனி போனில் நெட்டே கிடையாது என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. வீடியோ பார்த்து அறிவியல் கற்றுக்கொள்ள முடியுமா? எதைப் பார்க்கச் சொல்லலாம்? எனக்கே ஒன்றும் தெரியாதபோது நான் எப்படி அவனுக்கு உதவுவேன்? பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடிதத்தைப் படித்து முடித்தபோது 38 மார்க் எனக்கு மறந்துவிட்டது. அந்த எலுமிச்சம்பழம்தான் மனதில் நின்றது. மேல்நிலைப் பள்ளியில் 32 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் நான். வீடியோ பார்த்துவிட்டு வந்து கதை சொல்லும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பார்த்ததை நம்பலாமா என்று கையை வைத்துச் சோதித்துப் பார்த்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்கள் மகன் சோதித்திருக்கிறான். ஒயர் போனது நஷ்டம்தான். சொல்லாமல் வெட்டியது தப்புதான், அதை அவனிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் "சார்ஜ் ஏறவில்லை" என்று அவன் கண்ணால் கண்டானே, அன்று உங்கள் வீட்டில் அறிவியல் நடந்திருக்கிறது. அது பாதியில் நின்றுவிட்டது என்பதுதான் என் வருத்தம். ஏன் ஏறவில்லை என்று யாரும் அவனோடு உட்கார்ந்து கேட்கவில்லை.

முதல் கேள்வி, வீடியோ பார்த்து அறிவியல் கற்றுக்கொள்ள முடியுமா என்பது. இதற்கு என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகப் பதில் தெரியும். பிளவுஸ் வெட்டுவதைக் காட்டும் வீடியோ ஆயிரம் இருக்கிறது. ஒரு பெண் அதில் ஐம்பதைப் பார்த்துவிட்டு உங்கள் கடைக்கு வந்து, "அக்கா, எனக்குக் கட்டிங் தெரியும்" என்றால் கஸ்டமர் துணியை எடுத்து அவள் கையில் கொடுப்பீர்களா? முதலில் பழைய சேலைத் துணியில் வெட்டச் சொல்வீர்கள். கைக்குழி வளைவில் கத்தரி திரும்பும்போதே தெரிந்துவிடும், அவளுக்கு வருமா வராதா என்று. அதற்காக வீடியோ வீண் என்றும் சொல்ல மாட்டீர்கள். நீங்களே ஒரு புது மாடல் கழுத்து வந்தால் வீடியோவைப் பார்த்துத்தான் பழகியிருப்பீர்கள். ஆனால் மடியில் துணி இருந்தது, பாதியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தீர்கள், தப்பாக வந்ததைப் பிரித்துத் தைத்தீர்கள். அறிவியலும் அப்படியேதான்.

இதை ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பேர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு அது. பலகையில் அம்பு எறியும் வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு இருபது தடவையும் போட்டுக் காட்டினார்கள். இருபது தடவை பார்த்தவர்களுக்கு "எனக்கு வந்துவிடும்" என்ற நம்பிக்கை நன்றாக ஏறியிருந்தது. எறியச் சொன்னபோது, ஒரு தடவை பார்த்தவர்களைவிட அவர்கள் ஒரு துளியும் மேலாக எறியவில்லை. உங்கள் மகனின் 38 மார்க்குக்கும் அவன் பேசும் பிளாக்ஹோலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இதுதான். அவன் பொய் சொல்லவில்லை, பீற்றவும் இல்லை. தெரிந்துவிட்டதாக உண்மையாகவே நம்புகிறான்.

இந்த ஏமாற்றம் எனக்கும் நடந்திருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஸ்மார்ட் போர்டு வந்த புதிது. மின்சுற்றைப் பற்றி அழகான அனிமேஷன் ஒன்றை பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் போட்டேன். எலெக்ட்ரான்கள் நீல நிற உருண்டைகளாக வரிசையில் ஓடின, பல்பு எரிந்தது. "புரிந்ததா?" என்றேன். நாற்பது பேரும் ஒரே குரலில் "புரிஞ்சிது சார்". அடுத்த வாரம் ஒரு டார்ச் பல்பு, ஒரு பேட்டரி, ஒரே ஒரு ஒயர் கொடுத்து எரிய வைக்கச் சொன்னேன். ஹோல்டர் கிடையாது. ஐந்து பேர் எரிய வைத்தார்கள். மற்றவர்கள் ஒயரின் ஒரு முனையை பேட்டரியிலும் மறுமுனையை பல்பின் அடியிலும் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்கள். பல்புக்கு இரண்டு இடத்தில் தொடர்பு வேண்டும், ஒன்று அடியில் இருக்கும் புள்ளி, இன்னொன்று பக்கவாட்டு உலோகம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அனிமேஷனில் பல்பு ஹோல்டருக்குள் இருந்தது. நான் காட்டிய படமே அதை மறைத்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது, இத்தனை வருஷமாக "புரிஞ்சிது சார்" என்ற சொல்லை நம்பி எத்தனை பாடங்களைத் தாண்டி வந்திருப்பேன் என்று நினைத்து நெஞ்சு கனத்தது.

அதற்குப் பிறகுதான் டெரெக் முல்லர் என்பவரின் ஆய்வைத் தேடிப் படித்தேன். சிட்னி பல்கலைக்கழகத்தில், இயற்பியலை வீடியோவில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்காகவே 2008-ல் முனைவர் பட்டம் வாங்கியவர். இன்றைக்கு வெரிட்டாசியம் என்ற பெயரில் உலகம் முழுவதும் பார்க்கும் அறிவியல் வீடியோக்களை எடுப்பவரும் அவரே. அவர் மாணவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குத் தெளிவான, சுத்தமான விளக்க வீடியோ. இன்னொரு பிரிவுக்கு, மாணவர்கள் வழக்கமாக நினைக்கும் தப்பான கருத்தை முதலில் ஒருவர் சொல்லி, அது ஏன் சரியில்லை என்று பேசிப் பேசித் தெளிவுக்கு வரும் வீடியோ. முதல் பிரிவினர் "அருமையாகப் புரிந்தது" என்றார்கள், மார்க் ஏறவே இல்லை. இரண்டாம் பிரிவினர் "குழப்பமாக இருந்தது" என்றார்கள், அவர்கள் மார்க் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. காரணம் எளிது. தெளிவான வீடியோ ஓடும்போது, நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் இவரும் சொல்கிறார் என்று மூளை சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறது. தன் எண்ணம் தப்பு என்று தெரிந்தால்தான் அது எழுந்து உட்காருகிறது.

ஆகவே உங்கள் வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை, வீடியோவை நடுவில் நிறுத்துவது. ஒரு வீடியோ "என்ன நடக்கும் பார்ப்போமா?" என்று ஒரு கட்டத்துக்கு வரும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "நீ என்ன நினைக்கிற? எழுது" என்று சொல்லுங்கள். ஒரு நோட்டில் ஒரு வரி போதும். பிறகு ஓட விடட்டும். உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். 1971-ல் அப்பல்லோ 15-ல் போன டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறின் இறகும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். நாசா எடுத்த அந்தப் படம் ஒரு நிமிடம்கூட ஓடாது. அவர் கையை விடுவதற்கு முன் நிறுத்துங்கள். நீங்களும் எழுதுங்கள், மகனும் எழுதட்டும், வீட்டுக்காரர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக விழுவதைப் பார்த்த பிறகு "அப்போ நம்ம வீட்டுல இறகு ஏன் மெதுவா விழுது?" என்ற கேள்வியை நீங்கள் கேட்க வேண்டியதே இருக்காது, அது தானாக வரும். ஒன்பதாம் வகுப்பு 'இயக்கம்' பாடம் அந்தக் கேள்வியில் தொடங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இப்போது எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். பாதியில் நின்ற சோதனையை நீங்கள் இருவரும் சேர்ந்து முடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. நாலு பழம், துத்தநாகப் பூச்சு உள்ள ஜி.ஐ. ஆணி நாலு, மேல்தோல் சீவிய செம்புக் கம்பித் துண்டுகள், மின்சாரத்தை அளக்க, எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று. மல்டிமீட்டருக்குச் சில நூறு ரூபாய் ஆகும், பரவாயில்லை, டியூஷனுக்குக் கொடுப்பதைவிட நல்ல செலவு. பழத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சாறு கட்ட வைத்துவிட்டு, ஒரு பக்கம் ஆணி, ஒரு பக்கம் கம்பி. உள்ளே இரண்டும் தொடக்கூடாது. மீட்டரில் ஏறக்குறைய 0.9 வோல்ட் காட்டும். அதைப் பார்க்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். ஒரு பழத்தின் கம்பியை அடுத்த பழத்தின் ஆணியோடு சேர்த்து நாலு பழத்தையும் வரிசையாக இணைத்தால் மூன்றரை வோல்ட் வரும். சின்ன சிவப்பு எல்.இ.டி. ஒன்றை அதில் மாட்டி, அறையை இருட்டாக்கினால் மங்கலாக எரிவது தெரியும். எரியாவிட்டால் கால்களை மாற்றி மாட்டச் சொல்லுங்கள், எல்.இ.டி. ஒரு பக்கமாகத்தான் மின்சாரத்தை விடும்.

ஆக, அந்த வீடியோ முழுப் பொய்யும் இல்லை. பழத்தில் மின்சாரம் வரத்தான் செய்கிறது. பிறகு ஏன் போன் ஏறவில்லை? மீட்டரை மில்லி ஆம்பியருக்குத் திருப்பி அளக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லி ஆம்பியர்கூட வராது. அரை மில்லி என்று வைத்துக்கொள்வோம். போன் சார்ஜர் 5 வோல்ட்டில் குறைந்தது 1 ஆம்பியர், அதாவது 1,000 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும். 5 வோல்ட்டுக்கு ஆறு பழம் வரிசையாக வேண்டும். 1,000 மில்லி ஆம்பியருக்கு இப்படிப்பட்ட வரிசைகள் 2,000 வேண்டும். ஆறையும் இரண்டாயிரத்தையும் பெருக்கினால் 12,000 எலுமிச்சம்பழம்! இந்தக் கணக்கை அவன் கையால் போட வேண்டும். சங்கரன்கோவில் சந்தை விலையில் எவ்வளவு ஆகும் என்று அவன் அப்பாவிடமே கேட்கட்டும். அடித்த கையும் சிரிக்கும். வீடியோ எடுத்தவர்கள் மேஜைக்கு அடியில் பவர் பேங்க் வைத்து ஒயரை மறைத்திருப்பார்கள், அல்லது படத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஆனால் "ஏமாற்றுகிறான்" என்று நாம் சொல்வதற்கும், அவனே மீட்டரும் பென்சிலுமாக அதைக் கண்டுபிடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இனிமேல் காந்தத்தை வைத்தே மின்விசிறி சுற்றும், மோட்டாரையும் டைனமோவையும் பெல்ட்டில் இணைத்தால் வீட்டுக்கே இலவச மின்சாரம் என்கிற வீடியோக்கள் எதிரே வரும்போது, "எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்பியர், அது எங்கிருந்து வருது?" என்று அவன் கேட்பான். 'மின்னூட்டமும் மின்னோட்டமும்' அவன் புத்தகத்தில் இருக்கும் பாடம்தான்.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சுவர் பிளக்கில் செருகும் எந்தச் சோதனையும் வீட்டில் கூடாது. டார்ச் பேட்டரி, ஒன்பது வோல்ட் பேட்டரி, எலுமிச்சை, உருளைக்கிழங்கு வரை அவன் இஷ்டம். 230 வோல்ட் பக்கம் போகக் கூடாது. பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, மரப்பலகையில் மின்னல் மாதிரி கோலம் போடும் வீடியோக்கள் உண்டு. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அந்த டிரான்ஸ்பார்மர் 2,000 வோல்ட் வரை தரும். அதைச் செய்யப்போய் அமெரிக்காவில் பலர் இறந்திருக்கிறார்கள். தீக்குச்சி மருந்தைச் சுரண்டிச் சேர்த்து ராக்கெட் விடுவது, செல்போன் பேட்டரியைக் குத்திப் பார்ப்பது, கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் எதையாவது போட்டு நுரை வர வைப்பது, இவையும் அதே ரகம். "சொல்லிட்டுச் செய்" என்ற ஒரு வாக்குறுதியை அவனிடம் வாங்கிக்கொள்ளுங்கள். சொன்னால் அடி விழாது என்ற வாக்குறுதியை நீங்கள் இருவரும் அவனுக்குக் கொடுங்கள். பயந்த பிள்ளைதான் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும்.

எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். பாடத்துக்கு, நம் அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலிருந்து நடத்திவரும் வகுப்புகள் யூடியூபில் இருக்கின்றன. 2023-ல் வந்த மணற்கேணி செயலியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரைக்குமான பாடங்கள் சின்னச் சின்ன வீடியோக்களாகத் தமிழில் இருக்கின்றன, காசு கிடையாது. அவன் பாடப்புத்தகத்திலேயே கட்டம் கட்டமாக கியூஆர் குறியீடு அச்சிட்டிருப்பார்களே, அதையும் பெரும்பாலான பிள்ளைகள் தொடுவதில்லை. இவையெல்லாம் அவனுக்கு "போர்" அடிக்கும், எனக்குத் தெரியும். பிளாக்ஹோல் வீடியோவின் இசையும் வேகமும் இவற்றில் இல்லை. அதனால் அவன் ஆசைப்படுவதைப் பறிக்காமல், அதோடு சேர்த்துக் கொடுங்கள். தமிழில் எல்எம்இஎஸ், மிஸ்டர் ஜிகே போன்ற சேனல்கள் சுவாரசியமாகவே அறிவியலைப் பேசுகின்றன. அதில் ஒன்றைப் பார்த்தால், அதே விஷயம் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிக் காட்ட வேண்டும். விண்வெளி பிடித்தவனுக்கு 'அண்டம்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. 38 மார்க் ஏறுவதற்கு இது மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சை என்பது எழுதிப் பழக வேண்டிய வேலை. அதை எந்த வீடியோவும் செய்து தராது, தினமும் அரை மணி நேரம் பேனாதான் ஓட வேண்டும்.

கைவேலை பிடித்த பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது அரவிந்த் குப்தாவின் வீடியோக்களை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், தூக்கிப்போட்ட பாட்டில், ஸ்ட்ரா இவற்றை வைத்து அறிவியல் பொம்மைகள் செய்வதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒவ்வொரு வீடியோவும் ஓரிரு நிமிடம்தான், பல தமிழிலும் இருக்கின்றன. பார்த்த உடனே செய்துவிடலாம், செய்தால் வேலை செய்யும். இன்னொன்று வீடியோ கூட இல்லை. கார்ல் வீமன் என்ற நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற இலவசத் தளம். அதில் பேட்டரி, பல்பு, ஒயர் எல்லாம் திரையில் இருக்கும், விரலால் இழுத்து இணைத்துப் பார்க்கலாம். தப்பாக இணைத்தால் நெருப்புப் பிடிப்பதுகூடத் தெரியும். திரையில் நெருப்புப் பிடிப்பது நல்லது, வீட்டில் பிடிக்காது. ஆங்கில வீடியோக்களை அவன் பார்ப்பதைத் தடுக்க வேண்டாம். ஆனால் ஒரே தலைப்பை முதலில் தமிழில் பார்த்துவிட்டு அடுத்து ஆங்கிலத்தில் பார்க்கட்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் முடுக்கம் என்றால் ஆக்சலரேஷன், மின்தடை என்றால் ரெசிஸ்டன்ஸ் என்று ஜோடி ஜோடியாக எழுதிவரட்டும். பிளஸ் டூ முடித்து ஆங்கில வகுப்பில் போய் உட்காரும் நம் தமிழ் வழிப் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் திணறுவது பாதி இந்தச் சொற்களால்தான்.

நீங்கள் பயப்படுவது கடைசிக் கேள்வியில். "எனக்கே ஒன்றும் தெரியாதபோது" என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, உங்கள் கடையில் ஒரு ஆய்வகம் இருக்கிறது. உங்கள் மிஷின் கால்மிதி மிஷினாக இருந்தால், மிதி ஒரு தடவை மேலே போய்க் கீழே வருவதற்குள் ஊசி எத்தனை தடவை இறங்குகிறது என்று அவனை எண்ணச் சொல்லுங்கள். பெல்ட் ஓடும் பெரிய சக்கரத்தையும் மேலே உள்ள சின்னச் சக்கரத்தையும் உங்கள் டேப்பால் குறுக்காக அளந்து, பெரியதைச் சின்னதால் வகுக்கட்டும். இரண்டு எண்ணும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்று கேளுங்கள். சைக்கிளிலும் அப்பாவின் வேனிலும் அதே கணக்குத்தான் ஓடுகிறது.

பிறகு, தையல் மிஷின் எப்படித் தையல் போடுகிறது என்று காட்டும் அனிமேஷன் ஒன்றை அவனைத் தேடி எடுக்கச் சொல்லி, இருவரும் சேர்ந்து பாருங்கள். மேல் நூல் ஊசியோடு துணிக்குள் இறங்குகிறது, ஊசி கொஞ்சம் ஏறும்போது நூல் சின்ன வளையமாக விரிகிறது, ஷட்டிலின் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து பாபினைச் சுற்றி இழுத்துப் போகிறது, கீழ் நூல் மாட்டிக்கொள்கிறது. ஈலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கிய மிஷினிலிருந்து இன்றைக்கு உங்கள் காலடியில் ஓடுவது வரை அடிப்படை இதுதான். நீங்கள் இத்தனை வருஷமாகக் கேட்ட சத்தத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அவன் காட்டுவான். டென்ஷன் அதிகமானால் நூல் ஏன் அறுகிறது, ஊசி மழுங்கினால் தையல் ஏன் விட்டுப்போகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். அவை எந்த அனிமேஷனிலும் இல்லை. வீடியோவில் வருவதைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது, அது அம்மாவுக்குத் தெரியும் என்று அவன் அன்று காண்பான்.

மற்ற நாட்களில் நீங்கள் செய்ய வேண்டியது கேட்பது மட்டுமே. காஜா எடுத்துக்கொண்டே, "இன்னைக்கு என்னய்யா பாத்தே? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். "எம்மா, பிளாக்ஹோல்ல இருந்து வெளிச்சம்கூட வெளிய வராது" என்பான். "வெளிச்சமே வராதுன்னா அது இருக்குன்னு எப்படிக் கண்டுபுடிச்சாங்க? 2019-ல் படம் வெளியிட்டாங்கன்னு சொன்னியே, அது எதோட படம்?" என்று கேளுங்கள். அவன் திணறுவான், திரும்பப் போய்த் தேடுவான். அது பிளாக்ஹோலைச் சுற்றிக் கொதித்துச் சுழலும் வாயுவின் வெளிச்சம், நடுவில் இருட்டாகத் தெரிவதுதான் அதன் நிழல் என்று கண்டுபிடித்துக்கொண்டு வருவான். பட்டம் வாங்கிய நான் இந்தக் கேள்வியைக் கேட்டால் என் கண்ணில் விடை தேடுவான். நீங்கள் கேட்டால் அவன்தான் தேடியாக வேண்டும். உங்களுக்குத் தெரியாது என்பதே அங்கே உதவுகிறது. நேரம் இருந்தால் நட்சத்திரங்களை ஆராய்ந்த இயற்பியலாளர் சந்திரசேகரின் கதையையும் அவனிடம் சொல்லுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் மேல்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து போகும்போது, 19 வயதில், கப்பலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த நட்சத்திரம் வெண்குறுமீனாக, அதாவது சுருங்கிய சின்ன நட்சத்திரமாக, நிலைத்து நிற்க அதன் எடைக்கு ஒரு எல்லை உண்டு என்ற அந்தக் கணக்குக்குப் பின்னால்தான் 1983-ன் நோபல் பரிசு இருக்கிறது. கப்பலில் அவரிடம் இருந்தது நோட்டும் பேனாவும்தான்.

வீட்டுக்காரர் நெட்டை நிறுத்துவதாகச் சொன்னதற்கு வருகிறேன். அவர் கோபம் நியாயம். ராத்திரி வரை போன் என்றால் எந்தத் தகப்பனுக்கும் பயம் வரும். 14 வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். ஆனால் முழுதாக நிறுத்தினால் அவன் அடுத்த வீட்டுப் போனில் பார்ப்பான், அங்கே கேள்வி கேட்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். நான் சொல்வது இப்படி. போன் கூடத்தில் இருக்கட்டும், படுக்கைக்குப் போகக் கூடாது. யூடியூபில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள், அவனுக்கே எப்படி என்று தெரியும். எதைப் பார்க்கப் போகிறான் என்று போனைத் திறக்கும் முன்பே நோட்டில் எழுதிவிட்டு, தேடிப்போய்ப் பார்க்கட்டும். வந்ததையெல்லாம் பார்ப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. ஷார்ட்ஸ் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில் அறிவியல் அனேகமாக ஒன்றும் ஒட்டாது. நிறுத்தி யோசிக்க இடமே இல்லாத வடிவம் அது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள், கேள்வி கேட்க வேண்டாம். வாரத்தில் ஒரு வீடியோவையாவது கையால் செய்து பார்த்தானா என்பது மட்டும் என் கணக்கு. சந்திரயான்-3-ன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன், பாலிடெக்னிக்கில் டிப்ளமோவில் தொடங்கியவர். இதை அவன் அப்பாவிடம் ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பாருங்கள்.

அவன் நிலவில்தானே தொடங்கினான், அதனால் இந்த மாத வேலையாக நிலவையே கொடுக்கிறேன். நிலவு தேய்வதும் வளர்வதும் ஏன் என்று அவனிடம் கேளுங்கள். "பூமியோட நிழல் விழுது" என்று சொல்ல நிறைய வாய்ப்பிருக்கிறது, என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். அதை எழுதி வைக்கட்டும். ராத்திரி கடையைச் சாத்திய பிறகு, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு மிஷின் விளக்கை மட்டும் அவன் தலை உயரத்துக்குத் திருப்பி வையுங்கள். வெள்ளை நூல்கண்டு ஒன்றைப் பென்சிலில் செருகி, கையை நீட்டி, தலைக்குக் கொஞ்சம் மேலே பிடித்துக்கொண்டு, அவன் நின்ற இடத்திலேயே இடது பக்கமாக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றட்டும். விளக்குப் பக்கம் இருக்கும்போது கண்டு இருட்டாக இருக்கும், பிறகு பிறைக்கீற்று, அரை நிலவு, விளக்குக்கு முதுகைக் காட்டும்போது பௌர்ணமி. அங்கே கையைத் தாழ்த்தினால் அவன் தலையின் நிழல் கண்டின் மேல் விழும், அதுதான் சந்திர கிரகணம். நிழலால் வருவது கிரகணம், பிறை வேறு கதை என்று அவன் வாயாலேயே சொல்லிவிடுவான். நீங்களும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

பிறகு பௌர்ணமியிலிருந்து ஐந்து நாள், மொட்டை மாடியில் நின்று நிலவு எத்தனை மணிக்குக் கிழக்கே தெரிகிறது என்று எழுதிவரச் சொல்லுங்கள். நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும் என்று புத்தகம் சொல்கிறது. உங்கள் தெருவில் மரமும் வீடும் மறைக்கும், அதனால் கூடக்குறையத்தான் வரும். கடைசி நாட்களில் உதிக்க நேரமாகிவிடும், அன்றைக்கு மட்டும் கொஞ்சம் விழித்திருக்க விடுங்கள். வந்த எண்களை அப்படியே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், திருத்தாமல். எலுமிச்சம்பழத்தின் வோல்ட் கணக்கையும் சேர்த்து அனுப்பினால் இரண்டையும் படித்துவிட்டு அவன் பெயருக்கே பதில் எழுதுகிறேன்.